ஒரே வீட்டு ரத்தம்

காவாந்தண்டலம் காலனியில் பச்சை குத்திக்கொள்ளாத பெண்கள் குறைவு. புருஷன் பெயர், சிலுவை, தேள், சின்னதாக ஒரு கோலம், இப்படி ஆளுக்கொன்று கையில் இருக்கும். பிரிஸ்கில்லா தன் பெயரையே தன் கையில் குத்திக்கொண்டவள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, முதலில் பெயர், அதற்கடியில் ஊர். உத்திரமேரூரில் பச்சை குத்துகிறவள் ஊசியை நிறுத்திவிட்டு, "ஊட்டுக்காரர் பேரு வாணாமா?" என்று கேட்டாளாம். "நான் எங்கனா தொலைஞ்சிட்டா கொண்டாந்து உடறவங்களுக்குத்தான் இது" என்று இவள் சொன்னாள். அதைக் கேள்விப்பட்டு ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. ஊருக்கு என்ன, சிரிக்க ஒரு ஆள் கிடைத்தால் போதும். முப்பத்தொரு வயதில் ஒருத்தி தன் விலாசத்தைத் தோலில் எழுதிக்கொள்கிறாள் என்றால் அவள் எதற்கு இப்படிப் பயந்து கிடக்கிறாள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பயம் அம்மாவிடமிருந்து தொடங்கியது. அம்மா தாயாரம்மாள் நடவுக்குப் பேர்போனவள். அவள் இறங்கினால் மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துத்தான் நடுவார்கள். ஐம்பது வயதில் ஒருநாள், நடவு வரிசையில் குனிந்திருந்தவள் சட்டென்று திரும்பி, தான் நட்ட நாற்றையே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கையில் சேர்க்க ஆரம்பித்தாள். கூட இருந்த பெண்கள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். வரப்பில் நின்ற நிலத்துக்காரர் கத்தினார். தாயாரம்மாள் நிமிர்ந்து, "நாத்தங்கால்ல நாத்து பறிக்கச் சொல்லிட்டு எதுக்குய்யா கத்தறே?" என்று கேட்டாள். யாருக்கும் அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொன்றாகப் போனது. உலையில் அரிசி போடாமல் வெந்நீரை வடித்தாள். பிரிஸ்கில்லாவின் பெயர் நாக்கில் வராமல் "எம்மா, இந்தாம்மா" என்று கூப்பிட்டாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள் அதையும் மறந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளப்பினால், "நெத்தியில குங்குமம் இல்லாம எப்படிடி வெளியே போறது?" என்று சண்டைக்கு நிற்பாள். கல்யாணத்துக்குப் பிறகான வாழ்க்கை பின்பக்கமிருந்து அழிந்துகொண்டே வந்தது. புருஷன் ஏசுதாஸ் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து எப்போதோ செத்துப்போயிருந்தார். அது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் போனதில் மட்டும் பிரிஸ்கில்லாவுக்கு ஒரு நிம்மதி.

ஒரு பொங்கலுக்கு மறுநாள், பழையசீவரத்துக்குப் பார்வேட்டை பார்க்கப் போன கூட்டத்தோடு கூட்டமாகத் தாயாரம்மாளும் கிளம்பிவிட்டாள். சின்ன வயதில் அவள் தன் அம்மாவோடு போன திருவிழா அது. பிரிஸ்கில்லா களத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, அம்மா இல்லை. மலையடிவாரம், பாலாற்று மணல், சுற்றுப்பக்கத்து ஊர்கள் என்று தேடி அலைந்தாள். கடைசியில் வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடை ஓரத்தில் கிடைத்தாள். டீக்கடைக்காரர் நல்ல மனுஷன். பன் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்.

"ரெண்டு நாளா கேக்கறேம்மா. பேரு தெரியல, ஊரு தெரியல. எங்கம்மா வந்து கூட்டிகினு போவும்னு மட்டும் சொல்லிகினு கீது" என்றார் அவர்.

பிரிஸ்கில்லாதான் அந்த அம்மாவானாள். குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், நனைத்த துணியை அலசினாள், வெளியே கூலிக்குப் போனால் கதவைச் சாத்தி வெளித்தாழ் போட்டுவிட்டுப் போனாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. உதவி என்று இருந்தது அத்தை சிட்டம்மாள் ஒருத்திதான். ஏசுதாசுக்கு அக்கா. சிட்டம்மாள் பிறந்த பிறகுதான் குடும்பம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவக் குடும்பமானது. அதனால் அக்காவுக்குப் பழைய பெயர், தம்பிக்குப் புதுப் பெயர். அவளுடைய ஒரே மகன் ஞானதாஸ், கொத்தனார் வேலை. பிரிஸ்கில்லாவுக்கு முறைமாப்பிள்ளை. இன்னாருக்கு இன்னார் என்பது இரண்டு பேருக்கும் பல் முளைக்கும் முன்பே முடிவான விஷயம். அம்மா கிடந்த கிடையில் கல்யாணப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஞானதாஸ் காத்திருந்தான். காத்திருக்கிறேன் என்று ஒருநாளும் சொல்லாமல் காத்திருந்தான். மழைக்கு முன்னால் வந்து கூரையைச் சரிசெய்து கொடுப்பான், தாயாரம்மாள் தன்னைப் பார்த்து "யாருப்பா நீ?" என்று கேட்கும்போதெல்லாம், "உங்க மருமவன் தான் அத்தே" என்று சலிக்காமல் சொல்லுவான்.

சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்தது தொண்ணூற்றேழில். இவ்வளவு சின்ன வயதில் மறதி வந்தவர்களைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்த டாக்டர் தாயாரம்மாளை ஏற்கனவே பார்த்திருந்தார். ரத்தம் எடுக்கிற பையன் மட்டும் புதுசு. அவன் வீட்டுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊசியைப் பார்த்த நிமிஷம் தாயாரம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பிடித்தவர்களைக் கடித்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. "அந்த அம்மா ரத்தம் இல்லாம ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. நான் அப்புறம் வரேன்" என்று தெருமுனைக் குழாயில் முகம் கழுவப் போனான்.

சிட்டம்மாளுக்கு அப்போது அறுபத்து நாலு வயது. நாலு பேர் செய்ய யோசிக்கிற காரியத்தைச் செய்துமுடித்துவிட்டுத்தான் அவள் யோசிப்பாள். பிரிஸ்கில்லாவை உள்ளே இழுத்து, "ரத்தம் குடுக்கலேன்னா மருந்து வராதுடி. அவ குடுக்க மாட்டா. என் கையில குத்தட்டும்" என்றாள்.

"அத்தே, உன் ரத்தம் எப்படி அம்மா ரத்தம் ஆவும்?"

"ஏன் ஆவாது? எங்க வூட்டுக்கு வாயவந்தவ எங்க வூட்டு ரத்தம் தானே. அவளைப் புதைச்சா எங்க குழியிலதானே புதைப்போம்? எல்லாம் ஒண்ணுதான், நீ சும்மா இரு."

பிரிஸ்கில்லாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கட்டிக்கொண்டு வந்தவள் புருஷன் வீட்டுக்காரி, அவள் சாமி மாறுகிறது, தீட்டு மாறுகிறது, ரத்தம் மட்டும் பிறந்த வீட்டிலேயே நின்றுவிடுமா? முகம் கழுவி வந்த பையனிடம் சிட்டம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். பெயர் கேட்டான். "தாயாரம்மா" என்றாள். மகள் ரத்தமும் வேண்டும் என்றிருந்ததால், பிறகு பிரிஸ்கில்லாவும் கையை நீட்டினாள். பையன் இரண்டு குழாயிலும் பெயரை ஒட்டிக்கொண்டு, வேலை முடிந்த சந்தோஷத்தில் போய்ச்சேர்ந்தான்.

மருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் தாயாரம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். கடைசி வாரத்தில் அவள் விழுங்கவே மறந்திருந்தாள். அழுதழுது ஓய்ந்தபிறகு பிரிஸ்கில்லாவுக்கு முதன்முதலாகத் தோன்றியது, இனி வெளித்தாழ் போட வேண்டாம் என்பதுதான். அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து அழுதாள்.

வருஷம் திரும்பியதும் சிட்டம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டாள். கோயிலில் ஓலை படிக்கத் தொடங்கினார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு போதகர் சபையில் வாசிப்பார். அவரை ஊரில் அய்யர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஞாயிறு ஓலை படித்தபோது, முப்பத்தொரு வயதில் பிரிஸ்கில்லா பதினெட்டு வயதுப் பெண்ணைப்போல முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் யாரோ, "போதும்டி, பொண்ணு குனிஞ்சி குனிஞ்சி தரையைத் தொட்டுடப் போவுது" என்று கேலி செய்தார்கள். அவள் வாழ்க்கையில் கலப்பில்லாத சந்தோஷம் என்று இருந்தது அந்த ஒரு காலை நேரம்தான்.

அந்த வாரத்தில்தான் பழைய டாக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல மனசு. சொல்லாமல் மறைப்பது பாவம் என்று நினைத்து வந்திருந்தார். கோயில் தாழ்வாரத்தில் பிரிஸ்கில்லாவைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். மூளை நன்றாக இருப்பதற்கு உடம்பில் ஒரு ஜீன் இருக்கிறது, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருவது. மறதி நோய் வருகிற குடும்பங்களில் அது மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா ரத்தத்தில் அதில் ஒரு மாற்றம் இருக்கிறது. பிரிஸ்கில்லாவின் ரத்தத்திலும் அதே இடத்தில் அதே மாற்றம்.

"அப்ப எனக்கும் வருங்களா?"

"வர்றதுக்கு வாய்ப்பு நிறைய இருக்கும்மா."

"எங்கம்மாவுக்கு வந்த வயசுலியா?"

டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "கிட்டத்தட்ட" என்றார்.

இரண்டாவது ஞாயிறு அய்யர் ஓலையை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று நிறுத்தினார். வழக்கத்துக்காக நிறுத்துகிற நிறுத்தம் அது. அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து அதில் யாரும் எழுந்ததில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து பிரிஸ்கில்லா எழுந்தாள்.

"தடை கீதுங்க அய்யரே" என்றாள்.

அய்யர் ஓலையை இன்னொரு தடவை பார்த்தார். "உன் கல்யாணம்தானேம்மா இது?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எங்கம்மா சீக்கு எனக்கும் கீது. டாக்டரு சொல்லிட்டாரு. இந்தக் கண்ணாலம் வாணாம்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை, வெளியே நடந்து போய்விட்டாள். ஞானதாஸ் செருப்பைக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்தான். வேலி ஓரத்தில் அவளைப் பிடித்து நிறுத்தினான்.

"வந்தா வரட்டும் புள்ளே. நான் பாத்துக்க மாட்டனா?"

"பாத்துக்குவே மாமா. அதான் வாணாங்கறேன். பீ மூத்திரம் அள்ளி, வாயில சோறு வச்சி, யாருடா நீன்னு நான் கேக்கறதைக் கேட்டுகினு, உனக்கு அதுவா வாழ்க்கை? நான் அள்ளினவ மாமா, எனக்குத் தெரியும். பொறக்கற புள்ளைக்கும் இதைக் குடுக்கணுமா?"

"நான் கேட்டனா இதெல்லாம்?"

"நீ கேக்க மாட்டே. நான்தான் சொல்லணும்."

அவன் இரண்டு வருஷம் பார்த்தான். வழியில் எதிரே வந்தால் அவள் வரப்பு மாறி நடந்தாள். சிட்டம்மாள் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். பிரிஸ்கில்லா அசையவில்லை. பிறகு தாமலில் பெண் பார்த்தார்கள். அம்முலு என்ற அந்தப் பெண் நல்ல பெண். கல்யாணத்தன்று பிரிஸ்கில்லா முன்னால் நின்று பந்தி பரிமாறினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அதற்கு முந்தின வாரம்தான் அவள் உத்திரமேரூருக்குப் போய்க் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்திருந்தாள் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. ஓலை நின்ற மாதமே அவள் அதைச் செய்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. சோறு வாங்க வருகிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தட்டில் போடுவாள். என்ன பாசம் பாருங்கள் என்று டீச்சர்கள் மெச்சிக்கொண்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அது அவள் தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை. ஒருநாள் வரிசையில் வந்த ஒரு பெண் பிள்ளையின் பெயர் வரவே இல்லை. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, கரண்டியோடு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பார்த்தால், அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தது. பிரிஸ்கில்லா அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பதைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆள் இல்லையே என்று பிறகு அழுகை வந்தது.

ஆடு வளர்த்தால் நன்றாக இருக்கும் என்று சிட்டம்மாள் சொன்னாள். கட்ட மறந்துவிட்டால் வாயில்லா ஜீவன் என்ன செய்யும் என்று இவள் மறுத்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கினால் உடனே இறக்கிவிடுவாள். தீபாவளிச் சீட்டுச் சேரவில்லை, சங்கத்தில் சேரவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் தன்னிடம் யாரும் எதையும் எதிர்பார்த்து ஏமாறக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு அம்முலு தட்டில் பலகாரம் போட்டு மூத்த பையனிடம் கொடுத்தனுப்புவாள். அவன் "பெரீம்மா, எங்கம்மா குடுக்கச் சொல்லிச்சு" என்று நீட்டுவான். தட்டைக் கழுவிச் சர்க்கரை போட்டுக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுவாள். அவன் மூக்கு அப்படியே ஞானதாஸ் மூக்கு. அவள் அதிக நேரம் பார்க்க மாட்டாள்.

தினமும் காலையில் ஞானதாஸின் டிவிஎஸ் வண்டி அவள் வீட்டு வழியாகத்தான் வேலைக்குப் போகும். சாயங்காலம் திரும்பும். அடுப்பங்கரையில் இருந்தாலும் சத்தம் கேட்டுவிடும். ஒருநாள் இந்தச் சத்தமும் தெருவில் போகிற ஏதோ ஒரு வண்டிச் சத்தமாகிவிடும் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் மிச்ச வேலையைப் பார்க்க முடிந்தது.

இப்படியே எட்டொன்பது வருஷம் ஓடியது. இரண்டாயிரத்து எட்டில் உத்திரமேரூரில் வயசானவர்களுக்கு ஒரு முகாம் போட்டார்கள். ஞாபகசக்தி நன்றாக இருக்கிறவர்கள்தான் வேண்டுமாம், எழுபதைத் தாண்டியிருக்க வேண்டுமாம். இந்த மாதிரி ஒரு அழைப்பு வந்தால் சிட்டம்மாள் சும்மா இருப்பாளா? எழுபத்தைந்து வயதில் பஸ் ஏறிப் போனாள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்று கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு, கேட்ட பெண்ணைப் பார்த்து, "எங்க மூத்த நாத்தனா பேரு மொதல்ல சொன்னேனே, நீ சொல்லு பாப்பம்" என்று மடக்கிவிட்டு வந்தாள். ரத்தமும் கொடுத்தாள், இந்தத் தடவை சொந்தப் பெயரில். கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிஸ்கில்லாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாதங்கள் கழித்து ஒரு மதியம், சிட்டம்மாள் ஒரு பெண் டாக்டரைக் கூட்டிக்கொண்டு பிரிஸ்கில்லாவின் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் பெயர் சௌமியா. பாய் போட்டதும் தயங்காமல் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"ஒம்போது வருஷம் முன்னாடி உங்க ஜீன்ல ஒரு மாற்றம் இருக்குன்னு எங்க டாக்டர் ஒருத்தர் உங்ககிட்ட சொன்னாராம். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

ஞாபகம் இருக்கிறதா என்று தன்னைப் பார்த்து ஒருவர் கேட்கிறாரே என்று பிரிஸ்கில்லாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இருக்குதுங்க" என்றாள்.

"அது கெடுதல் இல்லைங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். அப்ப இருந்தது ரெண்டு பேர் ரத்தம், உங்க அம்மாவுதும் உங்களுதும். நோய் வந்தவங்ககிட்ட இருக்கு, அதனால இதுதான் காரணம்னு நெனைச்சிட்டாங்க. நல்லா இருக்கிறவங்ககிட்ட அது இருக்கா இல்லையான்னு அப்ப யாரும் பார்க்கல. இப்ப பார்த்தோம். இந்தப் பக்கத்துல எழுபது எண்பது வயசுல நல்லாத் தெளிவா இருக்கிற நிறைய பேருக்கு அதே மாற்றம் இருக்கு. இதோ, உங்க அத்தைக்கும் இருக்கு. மச்சம் மாதிரிங்க. சில குடும்பத்துல வரும். இருந்துட்டுப் போவுது, அதால ஒண்ணும் ஆவாது."

டாக்டர் பிரிஸ்கில்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தொடர்ந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. இவங்க உங்க அப்பா கூடப் பிறந்தவங்கதானே? உங்களுக்கு அப்பா வழியா வந்திருக்குன்னா சரி. உங்க அம்மாவுக்கும் எப்படி இருந்தது? அவங்களும் சொந்தமா?"

"இல்லீங்க. அம்மா அந்நியம். ஆத்துக்கு அந்தாண்ட."

அப்போது சிட்டம்மாள், இரவல் வாங்கின குண்டானைப் பற்றிப் பேசுகிறவளைப்போல, "அந்த ரத்தமா? அது என்னுதுதான் கண்ணு. அவதான் ஊசியைப் பாத்து ஓடிட்டாளே. நான்தான் அவ பேரைச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

டாக்டர் சௌமியா கண்ணை மூடித் திறந்தார். அவர் கோபப்படவில்லை. "அப்ப இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"சொல்லணும்னு தெரியலீங்க" என்றாள் பிரிஸ்கில்லா. உண்மைதான். அது ஒரு சமாச்சாரம் என்றே அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. டாக்டர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அம்மா ரத்தம், அம்மா ரத்தம் என்று சொல்லச் சொல்ல, அத்தை கையிலிருந்து எடுத்ததைத்தான் அவரும் சொல்கிறார், அதுவும் அம்மா ரத்தம்தானே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா உங்க அம்மா ரத்தத்தை நாங்க பார்க்கவே இல்ல" என்றார் டாக்டர். "அவங்களுக்கு எதனால வந்ததுன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது. அவங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி?"

"இல்லீங்க. பெரீம்மா ரெண்டு பேரும் கெயவியாகி நல்லபடியாத்தான் செத்தாங்க."

"அப்ப இது குடும்பத்துல வர்ற நோயாத் தெரியலைங்க, பயப்பட ஒண்ணும் இல்ல. எனக்கு எவ்வளவு பயமோ, தெருவுல போறவங்களுக்கு எவ்வளவு பயமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் உங்களுக்கும். அந்த மாற்றம் உங்க அத்தை பிள்ளைக்கும் இருந்தாலும் இருக்கும். அவரைப் போய் யாரும் பயமுறுத்தல, அவ்வளவுதான்." சொன்ன பிறகுதான் தான் எதைத் தொட்டுவிட்டோம் என்று டாக்டருக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா. எல்லார் சார்பாவும் கேட்டுக்கறேன்" என்று பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் இருந்த பச்சையைப் படித்தார். என்னவென்று கேட்கவில்லை.

டாக்டர் ஏறிப்போன ஜீப்பின் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் சிட்டம்மாள் தன் கையைத் தரையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இந்தக் கையை ஒடைச்சிப் போடணும். எம் புள்ளை வாழ்க்கையையும் உன் வாழ்க்கையையும் நானே கெடுத்துட்டனே. எவ உன்னை நீட்டச் சொன்னான்னு அன்னிக்கு என்னை ஒருத்தரும் செருப்பால அடிக்கலியே."

"அயுவாதே அத்தே. மருந்து வரும்னு தானே குடுத்தே. நானும் தானே கூட நின்னேன்." பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அடித்த இடம் சிவந்துபோயிருந்தது. அவளுக்கு அத்தைமேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப்பார்த்தும் ஒரு ஆள் அகப்படவில்லை. பழைய டாக்டர்கூட மறைக்கக் கூடாது என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

சிட்டம்மாள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவளுக்கு. "உடு. போனது போச்சி. இனிமே உனக்கு பேஜார் இல்லேன்னு தானே அந்தப் பொண்ணு சொல்லிச்சி? என்னை மாதிரி எம்பது வயசு வரைக்கும் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிகினு நல்லா இருப்பே. தைரியமா இரு."

"தைரியமாத்தானே அத்தே இருந்தேன்" என்றாள் பிரிஸ்கில்லா. அதுவரை வராத அழுகை இப்போது குரலுக்குள் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச வருசம்தான், அப்புறம் எல்லாம் மறந்து பூடும், மாமா மொகம் கூட மறந்து பூடும்னு நெனைச்சித்தானே அன்னிக்குக் கோயில்ல எயுந்து நின்னேன். இப்ப ஒண்ணும் மறக்காதுன்னு சொல்லிட்டுப் போறாங்களே. நான் இன்னா பண்ணுவேன் அத்தே?"

எல்லாக் கேள்விக்கும் டக்கென்று பதில் சொல்கிற சிட்டம்மாள், அவள் கையை இழுத்து, அதில் இருந்த பச்சையைக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தாள்.